கண்ணாடி மங்குதா, காலடியில் தண்ணீரா? ராமநாதபுரம் கடலோரக் கார்களுக்கான ஏசி பிழை நீக்கும் வழிமுறை

மண்டபம், பாம்பன், கீழக்கரைப் பக்கத்துக் கார்க்காரர்கள் ஏசி கடைக்குள் நுழையும்போதே ஒரு தீர்மானத்தோடு வருகிறார்கள்: "அண்ணே, கண்ணாடி புகையுது, கேஸ் போட்டு விடுங்க." கண்ணாடி புகைவதற்கும் கேஸுக்கும் பெரும்பாலும் சம்பந்தமே இருக்காது. நம் கடற்கரைக் காற்றில் ஈரம் அவ்வளவு. 30 டிகிரி வெயிலில் 80 சதவீத ஈரப்பதம் இருந்தால், 26 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எதன் மேலும் தண்ணீர் படிந்துவிடும். ஏசி ஓடும் காரின் கண்ணாடி சுலபமாக அந்த அளவுக்குக் குளிர்ந்துவிடும். ஆகவே காசை எடுப்பதற்கு முன்னால் கீழே உங்கள் அறிகுறி எது என்று பாருங்கள்.

## எதற்கும் முன்னால் இரண்டு சோதனை

விரல் சோதனை. மங்கிய கண்ணாடியை உள்ளிருந்து விரலால் ஒரு கோடு இழுங்கள். கோடு தெளிவாகத் தெரிந்தால் ஈரம் உள்ளே இருக்கிறது. விரல் நனையாமல், மங்கலும் மாறாமல் இருந்தால் ஈரம் வெளியே. இரண்டுக்கும் வைத்தியம் நேர்எதிர். ஒன்றுக்குச் செய்வதை மற்றதற்குச் செய்தால் நிலைமை மோசமாகும்.

சொட்டுச் சோதனை. காரைச் சமதரையில் நிறுத்தி, ஏசியைக் கால் மணி நேரம் ஓடவிட்டு, முன்பக்கம் அடியில் பாருங்கள். நல்ல தண்ணீர் சொட்டிச் சின்னக் குட்டை கட்டியிருக்க வேண்டும். புழுக்கமான நாளில் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வரைகூட வடியும். சொட்டவே இல்லை என்றால் அந்தத் தண்ணீர் வேறு எங்கோ போகிறது. நேராக அறிகுறி 4-க்குப் போங்கள். (பரமக்குடி தாண்டி மதுரைப் பக்கம் வறண்ட மத்தியான வெயிலில் சொட்டு குறைவது இயல்புதான்.)

## அறிகுறி 1: கண்ணாடியின் வெளிப்பக்கம் மங்குகிறது

அதிகாலையில் தனுஷ்கோடி சாலையிலும், மழை விட்ட இரவில் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் அதிகம் வருவது இதுதான். இது பழுதே அல்ல.

- முதலில் வைப்பரைப் போடுங்கள். போய்விட்டதா? அப்படியானால் வெளி ஈரம்தான், சந்தேகமில்லை.
- காற்று கண்ணாடியை நோக்கி அடிக்கிறதா பாருங்கள். அடித்தால் முகத்துக்கோ காலுக்கோ திருப்புங்கள். பதற்றத்தில் டீஃபாக் பட்டனை அழுத்துகிறவர்கள் உண்டு. பல கார்களில் அந்தப் பட்டன் ஏசியையும் சேர்த்துப் போட்டுக் கண்ணாடியை இன்னும் குளிர வைக்கும், மங்கல் கூடும்.
- குளிரைக் குறையுங்கள். குமிழை நீலக் கோடியிலிருந்து நடுப்பக்கம் கொண்டுவந்தால் போதும்.

இதற்கு மெக்கானிக் தேவையில்லை. வைப்பர் துடைத்த பிறகும் கோடு கோடாக நின்றால், கண்ணாடியில் உப்புப் படலம் இருக்கிறது. நல்ல தண்ணீரில் கழுவுங்கள். நம்மூர் போர் தண்ணீர் பல இடங்களில் உப்பு. அதில் கழுவினால் உப்பின் மேல் உப்பு. குடிநீர்க் குழாயில் பிடித்த ஒரு வாளித் தண்ணீரைக் கண்ணாடிக்கென்று ஒதுக்குங்கள்.

## அறிகுறி 2: கண்ணாடியின் உள்பக்கம் மங்குகிறது

ஏசி போடாமல் ஓட்டும்போது என்றால்: உள்காற்று பட்டனைப் பாருங்கள். கார் படத்துக்குள் அம்பு வளைந்து திரும்பும் பட்டன். அதைப் போட்டுவிட்டு ஏசியை அணைத்து வைத்தால், ஆட்கள் விடும் மூச்சே கண்ணாடியை மறைக்க ஒரு மழை நாளில் போதும். வெளிக்காற்றுக்கு மாற்றி, ஏசியைப் போட்டு, காற்றைக் கண்ணாடிக்குத் திருப்புங்கள். குளிர் வேண்டாமென்றால் குமிழைச் சூட்டுப் பக்கம் தள்ளலாம். ஏசி ஓடிக்கொண்டிருக்கும் வரை காற்றின் ஈரம் உறிஞ்சப்படும். ஓரளவு தெளிந்தபின் உள்காற்றோ வெளிக்காற்றோ உங்கள் வசதி.

ஏசியை அணைத்த உடனே என்றால்: மைலேஜுக்காகப் பாதி வழியில் ஏசியை அணைத்துப் புளோயரை மட்டும் ஓடவிடும் டாக்சிகளில் இது வாடிக்கை. டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயில் அந்த நேரம் சொட்டச் சொட்ட நனைந்திருக்கும். புளோயர் அந்த ஈரத்தை அப்படியே எடுத்துக் கண்ணாடியில் அடிக்கிறது. அணைக்கும் முன்பே வெளிக்காற்றுக்கு மாற்றி, இரண்டு பக்கக் கண்ணாடியையும் விரல் அளவு இறக்குங்கள். பாம்பன் பாலத்தில் ஏறும் நேரம் பார்த்து இதைச் செய்யாதீர்கள். மேலே போய் எதிரே ஒன்றும் தெரியவில்லை என்றால் நிறுத்தவும் இடம் கிடையாது.

ராமேசுவரத்திலிருந்து கிளம்பும்போது மட்டும் என்றால்: காரணம் டிக்கியில் இருக்கிறது. அக்னி தீர்த்தத்தில் முங்கி, கோவிலுக்குள் 22 தீர்த்தமும் ஆடிவிட்டு, ஏழு பேர் தலை துவட்டாமல் வண்டியில் ஏறினால் எந்தக் கம்பெனி ஏசியும் திணறும். ஈரத்துணி மூட்டையை டிக்கியில்தானே போட்டோம் என்பார்கள். ஹேட்ச்பேக்கிலும் எஸ்யூவியிலும் டிக்கி தனி அறை இல்லை. அங்கிருக்கும் ஈரமும் இதே காற்றில்தான் கலக்கிறது. துணியை நன்றாகப் பிழிந்து, தடித்த பிளாஸ்டிக் பையில் வாய் இறுகக் கட்டுங்கள். கேரியர் இருந்தால் மேலே போய்விடட்டும். கிளம்பும்போது நான்கு கதவையும் ஒருமுறை திறந்து மூடி, முதல் இரண்டு நிமிடம் கண்ணாடியை இறக்கி ஓட்டுங்கள். இவ்வளவு செய்தும் உச்சிப்புளி வரை தெளியவில்லை என்றால் மட்டும் அடுத்ததைப் பாருங்கள்.

ஏசி ஓடியும் தெளியவில்லை என்றால், மலிவானதிலிருந்து வரிசையாக:

1. கண்ணாடியில் உள்பக்கப் பிசுக்கு. வெயிலில் காயும் டேஷ்போர்டின் பிளாஸ்டிக்கும் அதன் மேல் பூசும் பாலிஷும் ஊதுபத்திப் புகையும் சேர்ந்து ஒரு எண்ணெய்ப் படலமாகப் படியும். ஈரம் அதில் ஒட்டிக்கொள்ளும். கண்ணாடி கிளீனர் விட்டு மைக்ரோஃபைபர் துணியால் இரண்டு தடவை துடைத்தால் பாதிப் பிரச்சினை போய்விடும்.
2. கேபின் ஃபில்டர். பெரும்பாலான கார்களில் குளோவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும், நீங்களே கழற்றலாம். ஈரமாக, கறுப்பாக இருந்தால் மாற்றுங்கள். சில நூறு ரூபாய்தான். சில சின்னக் கார்களின் விலை குறைந்த மாடல்களில் ஃபில்டரே இருக்காது; அப்படியானால் தூசியெல்லாம் நேரே காயிலில் இருக்கிறது என்று பொருள்.
3. உள்காற்று–வெளிக்காற்று மாற்றும் தட்டு சிக்கியிருப்பது. புளோயரை முழு வேகத்தில் வைத்துப் பட்டனை மாற்றி மாற்றி அழுத்துங்கள். உள்காற்றில் இரைச்சல் கூடும், வெளிக்காற்றில் குறையும். சத்தம் மாறவே இல்லையென்றால் தட்டு நகரவில்லை. கேபிளோ குட்டி மோட்டாரோ போயிருக்கும். இது எலக்ட்ரீஷியன் வேலை.
4. ஏசியே குளிரவில்லை. அறிகுறி 7.

## அறிகுறி 3: ஏசி வாயிலிருந்து வெள்ளைப் புகை

கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஏசியை முழுக் குளிரில் போட்டால் வரும். மணம் இல்லாமல், கையில் பட்டதும் மறைந்தால் அது வெறும் நீராவி. கதவை மூடினால் ஓரிரு நிமிடத்தில் நின்றுவிடும். தீய்ந்த வயர் வாடையோ, இனிப்பான வாடையோ அடித்தால் மட்டும் உடனே ஓரம் கட்டி எஞ்சினை அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

## அறிகுறி 4: முன் இடதுபக்கக் காலடியில் தண்ணீர்

இங்கே நிதானமாகப் பார்க்க வேண்டும். நான்கு வேறு காரணங்கள் ஒரே இடத்தை நனைக்கின்றன. தண்ணீரை விரலில் தொட்டுத் தேய்த்து, முகர்ந்து பாருங்கள். வாயில் வைக்க வேண்டாம்.

தெளிந்த தண்ணீர், அடியில் சொட்டு இல்லை: ஏசித் தண்ணீரை வெளியே விடும் டிரெய்ன் பைப்பில் அடைப்பு. வலதுபக்கம் வேகமாகத் திரும்பும்போது டேஷ்போர்டுக்குள் குளுக் என்று சத்தம் கேட்டு, இடதுபக்கக் காலடியில் தண்ணீர் கொட்டினால் அடைப்பு உறுதி.

எஞ்சினை அணைத்து ஆறவிடுங்கள். ஜாக்கி மட்டும் போட்டுக் காருக்கு அடியில் நுழையாதீர்கள். பணிமனைப் பள்ளமோ ராம்ப்போ வேண்டும். பல கார்களில் பானெட்டைத் திறந்து டார்ச் அடித்தாலே தெரியும்: எஞ்சினுக்கும் ஆட்கள் உட்காரும் பகுதிக்கும் நடுவிலுள்ள தகட்டில், கீழ்ப்பக்கம், கட்டைவிரல் பருமனில் ஒரு கறுப்பு ரப்பர் குழாய் வளைந்து தொங்கும். அதன் நுனியை இரண்டு விரலால் பிசையுங்கள். பல நேரம் நுனியில் காய்ந்த மண்தான் வாயை மூடியிருக்கும், பிசைந்ததுமே ஒழுகும். ஒழுகவில்லையென்றால் தடித்த தூண்டில் நரம்பை இரட்டையாக மடித்து, மடிப்பு முனையை உள்ளே விட்டுத் திருகுங்கள். ஒரு சாணுக்கு மேல் தள்ள வேண்டாம். முகத்தை ஒதுக்கி வைத்துக்கொள்ளுங்கள். முதலில் நாலு சொட்டு வரும், அப்புறம் தேநீர் நிறத்தில் மடமடவென்று இறங்கும். கூடவே சீமைக்கருவேல இலைத் துணுக்கும் மணலும். வண்டி கொஞ்ச நாள் ஓடாமல் நின்றிருந்தால் குளவிக் கூட்டு மண்ணும் வரும்.

கம்பி விடாதீர்கள். ரப்பர் கிழியும், கை தவறினால் காயிலே ஓட்டையாகும். பஞ்சர் கடைக் காற்றை முழு அழுத்தத்தில் அடிப்பதும் தப்பு. உள்ளே இருக்கும் சகதி மேலேறிக் காயிலில் ஒட்டும், அல்லது குழாய் இணைப்பே கழன்றுவிடும். முடிந்ததும் மறுபடி சொட்டுச் சோதனை செய்யுங்கள்.

அடியிலும் சொட்டுகிறது, உள்ளேயும் ஒழுகுகிறது: குழாய் இணைப்பு நழுவியிருக்கும், அல்லது காயில் பெட்டியின் மூடி சரியாக உட்காரவில்லை. யாரோ சமீபத்தில் டேஷ்போர்டைக் கழற்றி மாட்டியிருந்தால் அவரிடமே திரும்பிப் போங்கள். நீங்கள் கை வைக்க வேண்டாம்.

ஏசி போடாத நாளிலும், மழைக்குப் பின்னால் மட்டும்: இது மழைத் தண்ணீர். ஐப்பசி, கார்த்திகையில்தான் இந்த வண்டிகள் வரிசை கட்டும். பானெட்டைத் திறந்து வைப்பருக்குக் கீழேயுள்ள ஜாலியைப் பாருங்கள். சீமைக்கருவேல மர நிழலில் நிறுத்தும் வண்டியென்றால், அந்தப் பொடி இலை ஜாலியைத் தாண்டி உள்ளே மெத்தையாகப் படிந்து, தண்ணீர் வெளியேறும் ஓட்டையை மூடியிருக்கும். கையால் அள்ளி எடுத்துவிட்டு ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றுங்கள். முன் சக்கரத்துக்குப் பின்னால் வழிந்தால் சரி. சன்ரூஃப் இருந்தால் அதன் மூலை ஓட்டைகளையும் இப்படியே பாருங்கள். இதற்கும் நிற்கவில்லை என்றால் கண்ணாடி ரப்பரும் கதவுக்குள் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளும்தான் மிச்சம். முன் கண்ணாடி மாற்றிய வண்டிகளில் பேஸ்ட் சரியாகப் பிடிக்காமல் போவதுண்டு. கண்ணாடிக் கடையில் காட்டுங்கள்.

பிசுபிசுப்பு, பச்சை அல்லது சிவப்பு நிறம், இனிப்பு வாடை: இது ஏசித் தண்ணீர் அல்ல, எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட். ஹீட்டர் காயில் ஓட்டை. கண்ணாடியிலும் துடைக்கத் துடைக்கப் போகாத எண்ணெய் மூட்டம் படியும். எஞ்சின் நன்றாக ஆறியபின் கூலன்ட் டப்பாவில் அளவைப் பாருங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்காதீர்கள். அளவு இறங்கியிருந்தால் மதுரைக்குக் கிளம்பும் எண்ணத்தை விட்டுவிட்டு நேரே மெக்கானிக்கிடம் போங்கள். எஞ்சின் சூடேறிப் போனால் செலவு பல மடங்கு.

காரணத்தைச் சரிசெய்தும் மேட் காயவே இல்லை: கடல் தண்ணீர் உள்ளே வந்திருக்கிறது. அரிச்சல்முனையில் அலையில் நின்றுவிட்டு நனைந்த காலோடு ஏறியவர்களின் மணலும், மீன் பெட்டியிலிருந்து வழிந்த தண்ணீரும் கார்ப்பெட்டுக்கு அடியிலுள்ள ஸ்பாஞ்சில் இறங்கிவிடும். உப்பு இருக்கும் வரை அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். பகலில் காய்ந்ததுபோல் தெரியும், சாயங்காலம் கடல்காற்று வந்ததும் மறுபடி சதசதவென்று ஆகும், காலையில் கண்ணாடி முழுக்க மூட்டம். வெயிலில் போட்டு மட்டும் இதைத் தீர்க்க முடியாது. மேட்டை எடுத்துவிட்டு, கார்ப்பெட்டில் நல்ல தண்ணீர் ஊற்றி, ஈரம் உறிஞ்சும் வேக்கம் கிளீனரால் இழுத்து, திரும்பவும் ஊற்றி இழுத்து, உப்பை வெளியேற்ற வேண்டும். அப்புறம்தான் வெயில். சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிறக் கனெக்டர் தெரிந்தால் கழற்றாதீர்கள், அது ஏர்பேக் வயர். கனெக்டர்களில் பச்சை பூத்திருந்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடும் நேரம் வந்துவிட்டது.

## அறிகுறி 5: ஒரு மணி நேரம் நன்றாக ஓடி, பிறகு காற்று குறைகிறது, கண்ணாடி மங்குகிறது

காற்று கிளம்பும்போதே குறைவாக இருந்தால் ஃபில்டர் அல்லது புளோயர். முதலில் நன்றாக வந்து போகப் போகக் குறைந்தால், காயிலில் ஐஸ் கட்டுகிறது. ஏசியை அணைத்துப் புளோயரை மட்டும் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடவிடுங்கள். காற்று திரும்பி, அடியில் தண்ணீர் கொட்டினால் ஐஸ்தான்.

புளோயரை ஒன்றில் வைத்துக் குளிரை முழுதாக வைக்கும் பழக்கத்தை மாற்றிப் பாருங்கள். பின்சீட்டில் குழந்தை தூங்குகிறது என்று இப்படி வைப்பவர்கள் நிறைய. அடுத்து ஃபில்டர். இரண்டும் சரி, ஆனாலும் ஐஸ் கட்டுகிறதென்றால் காயில் சென்சார், கேஸ் அளவு, காயிலுக்குள் கேஸை அளந்து விடும் எக்ஸ்பான்ஷன் வால்வு என்ற வரிசையில் போகும். அதற்கு மீட்டர் வைத்திருக்கும் கடை வேண்டும். குளிர் வந்து, நின்று, மறுபடி வந்து விளையாடினால் கேஸ் லைனுக்குள்ளேயே ஈரம் இருக்கலாம். முந்தைய கடையில் வேக்கம் போடாமல், அதாவது லைனிலுள்ள காற்றையும் ஈரத்தையும் பம்பால் உறிஞ்சி எடுக்காமல், கேஸ் அடித்திருந்தால் இப்படி ஆகும்.

## அறிகுறி 6: ஏசி போட்டதும் ஈரத்துணி வாடை

காயில் ஈரத்தில் பூஞ்சை. வீட்டை நெருங்கும் கடைசி நாலைந்து நிமிடம் ஏசியை அணைத்து, வெளிக்காற்றில் புளோயரை வேகமாக ஓடவிட்டால் காயில் காயும். புது வாடையென்றால் இதுவும் ஒரு புது ஃபில்டரும் போதும். பழகிய வாடைக்குக் காயில் ஃபோம் கிளீனர் அடிக்க வேண்டும். டிரெய்ன் பைப் திறந்திருக்கிறதா என்று பார்க்காமல் ஃபோம் அடிக்க விடாதீர்கள், அவ்வளவும் கார்ப்பெட்டில் இறங்கும். வாசனை டப்பா வாங்குவது வீண். கருவாட்டு வாடைக்கும் அதற்கும் நடக்கும் போட்டியில் இதுவரை டப்பா ஜெயித்துப் பார்த்ததில்லை.

## அறிகுறி 7: குளிரும் இல்லை, கண்ணாடியும் தெளியவில்லை

இப்போது கேஸைப் பற்றிப் பேசலாம். கேஸ் ஓடி ஓடித் தீர்ந்துபோகும் பொருள் அல்ல. ரப்பர் குழாய் வழியாக வருடக்கணக்கில் கொஞ்சம் கசியும், சரி. வருடா வருடம் போட வேண்டியிருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. நம் பக்கத்தில் முதல் சந்தேகம், முன் கிரில்லுக்குப் பின்னால் இருந்து கேஸின் சூட்டை வெளியேற்றும் கண்டன்சர் மேல்தான். டார்ச் அடித்துப் பாருங்கள். அலுமினியத் தகடுகள் வெள்ளை பூத்து, நகத்தால் தொட்டாலே விபூதியாக உதிர்ந்தால் உப்பு தின்றுவிட்டது. எண்ணெய்ப் பசையோடு தூசி ஒட்டிய இடம் தெரிந்தால் ஓட்டை அங்கேதான். இன்னும் உதிராத கண்டன்சரை வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரால், குழாயை விரலால் அழுத்திப் பீய்ச்சாமல், மெதுவாகக் கழுவினால் கொஞ்ச காலம் கூட உழைக்கும். பிரஷர் வாஷ் தகட்டை மடக்கிவிடும்.

இதற்கு மேல் உங்களால் ஆகாது. கடையில் மூன்று விஷயம் கேளுங்கள். ஓட்டை தேடும்போது நைட்ரஜன் அடிக்கிறார்களா? வெறும் காற்று என்றால் ஈரம் உள்ளே போகும். கேஸுக்கு முன்னால் வேக்கம் போடுகிறார்களா? கேஸைக் கிராம் கணக்கில் எடை போட்டு ஏற்றுகிறார்களா? அளவு பானெட்டுக்குள் ஸ்டிக்கரில் அச்சடித்திருக்கும், அதற்கு மேல் போட்டாலும் குளிராது. எந்த கேஸ் என்பதும் அதே ஸ்டிக்கரில் இருக்கும்; ஆர்134ஏ போடும் வண்டிக்கு வேறொன்றை ஏற்ற விடாதீர்கள்.

கூலிங் காயிலே ஓட்டை என்று சொன்னால் சாட்சி கேளுங்கள். டிரெய்ன் பைப் வாயில் லீக் டிடெக்டரை வைத்துக் காட்டட்டும், அல்லது சாயம் விட்டு நீல விளக்கில் காட்டட்டும். இந்த வரிசையில் அதிகச் செலவு வைப்பது இதுதான். பல கார்களில் டேஷ்போர்டு முழுதும் இறங்க வேண்டும். மாற்றுவது முடிவாகிவிட்டால் எக்ஸ்பான்ஷன் வால்வு, கேஸ் லைனில் ஈரத்தை உறிஞ்சும் டிரையர், டிரெய்ன் குழாய் ரப்பர் ஆகிய மூன்றையும் அப்போதே புதிதாகப் போடச் சொல்லுங்கள். உள்ளே இருக்கும் ஒரு ரப்பருக்காக டேஷ்போர்டை இன்னொரு தடவை இறக்கினால் கூலியும் இன்னொரு தடவைதான்.